அந்தச் சிலுவை பக்தியில் போட்டதல்ல

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மலையில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் வருமா, வந்தால் உட்கார இடம் இருக்குமா, இடம் கிடைத்தால் வாழவந்தி வளைவில் பிரேக் பிடிக்குமா என்று வழக்கமான மூன்று கவலைகளையும் மாற்றி மாற்றிப் பட்டுக்கொண்டிருந்தபோது, காப்பித் தோட்டத்துச் சர்ச்சின் புதுப் போதகர் வண்டியை ஓரம் கட்டினார். சின்ன வயசு. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையெல்லாம் வேர்வை.

“அம்மா, உங்களத்தானுங்க நாலு நாளா தேடிட்டு இருக்கறேன்.”

என்னை ஒருவர் தேடுகிறார் என்றால் அது நல்லதுக்காக இருக்காது என்பது என் எழுபது வருஷத்து அனுபவம்.

“டென்மார்க்குல இருந்து ஆளுங்க வர்றாங்க, நம்ம சர்ச்சு செவுத்துப் படத்தப் பாக்கறதுக்கு. அத வரஞ்ச மிஸ்ஸியம்மா அந்தக் காலத்துல ஊருக்கு எழுதுனது ஒண்ணு கெடச்சிருக்குதுங்க. கொடியில இருக்கற சிலுவைய அவங்க போடலியாமா. லயன்ல இருந்த ஒரு இந்துக் கொழந்த, யாருஞ் சொல்லாம, பக்தியில தானா வந்து போட்டுச்சாமா. அந்தக் கொழந்த நீங்கதான்னு சொல்றாங்க.”

“நான்தானுங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “போர்டு எழுதக் குடுத்திருக்கறோம். அன்னிக்குப் பொன்னாடை போத்தறோம். நீங்க வந்து நின்னாப் போதும்.”

“ஒண்ணும் பேச வேண்டாங்களா?”

“வேண்டாங்க. நின்னாப் போதும்.”

நின்றால் போதுமாம். அறுபது வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டு நின்றுதான் இருக்கிறேன். அந்தப் போர்டு வருவதற்குள் நான் எழுதிவிடுகிறேன். நம் லயன் வரிசையில், தோட்டக் கூலிகளுக்கு விட்ட ஒற்றை அறை ஊடுகளில் பிறந்து, இப்போது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகளே, இது உங்களுக்குத்தான். உங்களில் பாதிப் பேருக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாவதைத் தாண்டாதவள் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

*

மிஸ்ஸியம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும், டென்மார்க்கிலிருந்து மிஷன் வேலைக்கு வந்தவர். ஆள் உயரம், நீலக் கண், காலில் ஆண்பிள்ளை மாதிரி பூட்ஸ். வேதபுஸ்தகத்தைப் படித்துத் தமிழ் கற்றவர் என்பதால், “வெந்நீர் இருக்கிறதா?” என்று கேட்டால்கூடத் தீர்க்கதரிசி கேட்பது போல இருக்கும். எனக்குப் பத்து வயசான வருஷம், வைகாசியில் சர்ச்சின் பெரிய சுவரில் படம் வரையப் போவதாகச் சொன்னார். ஈரச் சுண்ணாம்பில்தான் வரைவாராம். பூச்சு காய்வதற்குள் வரைந்துவிட்டால் வண்ணம் சுவரோடு சேர்ந்து கல்லாகிவிடுமாம். அதற்கு நல்ல பூச்சு பூசத் தெரிந்த ஆள் வேண்டும்.

தோட்டத்தில் அந்த வேலை தெரிந்த ஒரே ஆள் எங்கள் அம்மா. பிறந்தது சங்ககிரிப் பக்கம், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்த ஊட்டில். அப்பாவைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தவர். அப்பா சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு லயன் ஊடு அம்மா பேரில் இருந்தது. பேர் என்றால் சொந்தம் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் கையில் இருந்த செக்ரோலில், ஆள் பேரேட்டில், அம்மா பேர் இருக்கிற வரைக்கும் ஊடு, அடித்துவிட்டால் தெரு. இதை நான் எட்டு வயசிலேயே மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும், “ரைட்டர் ஏதாச்சும் சொன்னாருங்களாம்மா?” என்று கேட்பேன்.

“எல்லாப் புள்ளைங்களும் திங்கறதுக்கு என்னன்னு கேக்கும். இது ஒண்ணுதான் ரைட்டரக் கேக்குது” என்பார் அம்மா.

காலையில் தோட்ட வேலைக்குப் பதில் அம்மா சர்ச்சுக்குப் போக ரைட்டர் சம்மதித்தார். நீர் ஊற்றிய சுண்ணாம்பு புஸ்ஸென்று சீறிக் கொதிக்கும். அந்தச் சூடான, மூக்கை அறுக்கிற வாடை இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்கு அம்மா ஞாபகம்தான். சலித்த மணலோடு அதை உரலில் இடித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விடுவார். அன்றைக்கு வரையக்கூடிய அளவுக்கு மட்டும் சுவரில் பூசி, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார். பிறகு மிஸ்ஸியம்மா ஆணியால் கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள் வரைவார். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்ப்பேன், வருகிற வழியிலும் பார்ப்பேன்.

வெல்லத்துக்கு எறும்பு வந்தது. இரண்டாம் நாள் பெத்லகேம் முழுக்க எறும்பு. மிஸ்ஸியம்மா பதறிப்போய், “இவைகள் எங்கிருந்து வந்தன?” என்றார்.

“கொழந்த பொறந்த ஊடுங்க, விருந்தாளிங்க வராம இருப்பாங்களா?” என்றார் அம்மா.

*

பெத்லகேம் என்று சொன்னேன். ஆனால் அது டென்மார்க். மிஸ்ஸியம்மாவுக்கு ஏசு பிறந்ததும் நடந்ததும் எல்லாம் அவர் ஊரில்தான். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் மாவரைக்கும் பெரிய காற்றாடி. கூரையில் நாரை கூடு கட்டியிருந்தது. சீடர்கள் மீன் பிடித்த கடல் சாம்பல் நிறம். வலையில் வெள்ளி ஊசி மாதிரி மீன்கள். வெள்ளைக்காரர் ஊரிலும் கூரை ஊடு உண்டு என்பது எங்களுக்கு அந்தச் சுவரில்தான் தெரிந்தது. பக்கத்து ஊட்டுச் சித்தப்பாவுக்கு அதில் அளவில்லாத திருப்தி. “பாத்தீங்களா, தொரைமாரும் ஒழுகற ஊட்டுல இருந்துதான் வந்திருக்காங்க” என்று எல்லாரிடமும் சொன்னார்.

மரியாளும் யோசேப்பும் நடந்துபோகிற வழியெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அது பனி என்றார் மிஸ்ஸியம்மா. வானத்திலிருந்து விழுந்து முழங்கால் வரை நிற்குமாம். பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. அது காப்பிப் பூ என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. மொட்டை விரியவைக்கிற கோடை மழை பெய்து ஒன்பதாம் நாள் காடு முழுக்க வெளுத்துப்போய் நிற்குமே, அதுதான். பூத்த காட்டுக்குள் கர்ப்பிணிப் பெண்ணை எதற்கு நடக்கவிட்டான், அந்த வாசனைக்கு மயக்கம் வருமே என்று பெண்கள் யோசேப்பைத் திட்டினார்கள்.

கடைசியாக, சுவரின் உச்சியில், பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவி இறங்கிய நாள். வேதத்தில் அங்கே அக்கினி நாவுகள் இறங்கி வருமாம். மிஸ்ஸியம்மா அக்கினியோடு ஒரு கொடியையும் இறக்கினார். கீழே ஜனங்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஜனங்களுக்கு முகம் வேண்டும் என்று நம் ஆட்களையே கூப்பிட்டு நிற்கவைத்தார். அம்மா முதல் வரிசை. பக்கத்தில் சித்தப்பா. ஓரத்தில் உபதேசியார். போதகர் மாதம் ஒருமுறைதான் மலை ஏறுவார்; மற்ற நாளில் சர்ச்சைப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். முகமெல்லாம் நம் முகம். ஆனால் உடுப்பு டென்மார்க் உடுப்பு. அம்மாவுக்குக் கழுத்து மூடிய கம்பளிச் சட்டை. சித்தப்பாவுக்குக் கம்பளிக் கோட்டு, கம்பளித் தொப்பி.

சித்தப்பா தன்னைத் தானே வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “செவுத்துல இருக்கறவனுக்குக் கம்பளி குடுத்துட்டாங்க. கீழ நிக்கறவனுக்கு எப்பங்க குடுப்பாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கம்பளி கொடுப்பது தோட்டத்து வழக்கம். போன வருஷம் கொடுக்கவில்லை. இந்த வருஷமும் ஆனி பிறந்துவிட்டது, மூச்சு இல்லை. சேலத்திலிருந்து தொழிலாளர் சங்கத்து ஆட்கள் ஏறி வந்து ஒண்டிக்கடையில் சிவப்புக் கொடி நட்டுக் கம்பளி கேட்டுப் பேசினார்கள். மறுநாள் காலையில் அந்தக் கம்பம் அங்கே இல்லை.

*

கொடிக்குச் சிவப்பு வேண்டும். ஊரிலிருந்து வந்த டப்பாப் பொடி சுண்ணாம்பில் பட்டதும் ஈரல் நிறமாகிவிட்டது. மிஸ்ஸியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னை அனுப்பி, மேட்டில் மண் வெட்டிய குழியிலிருந்து சிவப்பு மண் ஒரு மடி அள்ளி வரச் சொன்னார். ஏழு தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, அம்மியில் மைபோல அரைத்துக் கொடுத்தார். பூசிப் பார்த்தால் அப்படி ஒரு சிவப்பு. டென்மார்க் தேசத்துக் கொடி, நம் மலை மண்.

வரைந்துகொண்டே மிஸ்ஸியம்மா கதை சொன்னார். “எங்கள் ஜனங்கள் யுத்தத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பொழுது வானத்திலிருந்து இந்தக் கொடி விழுந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஜெயித்தார்கள்.”

அம்மா கல்லால் தேய்த்துக்கொண்டே கேட்டார். “எதுத்தாப்புல நின்னவங்களுக்கு ஒண்ணும் உளுவலீங்களா?”

மிஸ்ஸியம்மா தூரிகையை நிறுத்தினார். “இல்லை” என்றார்.

“நொம்பப் பாவமுங்க அவங்க.”

அந்தக் கொடியில் வெள்ளைச் சிலுவை வர வேண்டும். அது பளிச்சென்று இருக்கவேண்டும் என்று தனிப்பானையில் சுண்ணாம்பை ஊறப்போட்டிருந்தார். சிவப்பை முழுக்கப் பூசி, சிலுவை வரவேண்டிய இடத்தை ஆணியால் கீறிவிட்டு, மறுநாள் விடிந்ததும், ஈரம் இருக்கும்போதே, வெள்ளை வைக்கலாம் என்று போனார். மறுநாள் அவருக்குக் குளிர் காய்ச்சல். பல் கிட்டிக்கொண்டு நடுங்கியவரை ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சுவரில் கொடி சிலுவை இல்லாமல் நின்றது. கீறல் கீழே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. வானத்திலிருந்து, சங்கத்துக் கொடி மாதிரியே, வெறும் சிவப்புக் கொடி இறங்குகிறது. கீழே நம் லயன் ஜனம், கம்பளி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சு கொள்ளவில்லை. முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிறவர்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் எல்லாரும், தலையில் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு, மழையில் வந்து சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். உபதேசியார் அழுதேவிட்டார். இத்தனை ஆத்துமாக்கள் ஒரே நாளில்! போதகருக்குக் கடிதம் எழுதினார். பாவம், நல்ல மனுஷன். பாட்டுப் பாடும்போது ஜனம் அவரைப் பார்க்கவில்லை, அவருடைய தலைக்கு மேலே பார்த்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

சித்தப்பாதான் சொன்னார்: “நட்ட கம்பத்தப் புடுங்கலாம். செவுத்துல ஊறுனதப் புடுங்க முடியுமா? வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் இங்க கூடி, இங்கிருந்தே தொரை பங்களாவுக்குப் போயிக் கம்பளி கேக்கறோம்.”

நான் அம்மாவின் காதில் சொன்னேன். “அம்மா, அதுல சிலுவ வருமுன்னு சொல்லீருங்கம்மா. இது மிஸ்ஸியம்மா ஊட்டுக் கொடின்னு சொல்லீருங்க.”

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். ஊட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். “அந்தம்மா வர்ற வரைக்கும் அது நம்முளுதா இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. யாரு குடி முழுகிப்போவுது?”

நம் குடிதான் முழுகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ரைட்டர் சர்ச்சுக்கு வந்தார். கையில் குடை. உரலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார். உபதேசியார் கதவோரம் நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் ஒரு பெஞ்சுக்குப் பின்னால்.

“ஏம்மா, அங்க மேல என்னது அது?”

“கொடிங்க.”

“எந்தக் கொடி?”

“செவப்புக் கொடிங்க.”

“கொழுப்பா? மேனேஜர் தொரை காதுக்குப் போயிருச்சு. சர்ச்சு இருக்கற எடம் தோட்டத்து எடம். சனிக்கெழம பொழுதுக்குள்ள அந்தச் செவுரு முச்சூடும் வெள்ளை அடிச்சிருக்கோணும். நீ பூசுன செவுருதான, நீயே அடி.”

உபதேசியார், “படம் பூராவுங்களா? மிஸ்ஸியம்மா வந்து கேட்டாங்கன்னா...” என்று இழுத்தார்.

“நீங்க சும்மா இருங்க ஐயா. உங்களையுந்தான் அதுல வரஞ்சிருக்குது, கையத் தூக்கிட்டு.”

உபதேசியார் அண்ணாந்து பார்த்தார். அன்றைக்குத்தான் தன்னை அங்கே புதிதாகப் பார்த்தார் போல.

அம்மா கையை முந்தானையில் துடைத்தார். குரல் கொஞ்சமும் ஏறவில்லை. “நான் அடிக்க மாட்டேனுங்க.”

“என்னது?”

“நானே இடிச்சு, நானே பூசி, நானே தேச்ச செவுருங்க. எங்கையால அத அழிக்க மாட்டேனுங்க.”

“ஊடு வேண்டாமா உனக்கு?”

“வேணுமுங்க. ஆனா அடிக்க மாட்டேனுங்க.”

“சனிக்கெழம சாயங்காலம் வருவேன். செவுரு வெள்ளையா இருந்தா ஊடு இருக்குது. இல்லீன்னா ஞாயித்துக்கெழம காலையில சட்டிபானையக் கட்டு.”

கவனியுங்கள். அம்மா பேச்சில் ஒரு ‘ங்க’ குறையவில்லை. மரியாதை கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு, கொடுக்கக்கூடாததை மட்டும் கொடுக்கவில்லை. இந்த வயசில் எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டது ‘ஊடு’ என்ற ஒரு சொல் மட்டும்தான்.

*

சனிக்கிழமை மத்தியானம். அம்மா களை வெட்டப் போய்விட்டார். உபதேசியார் சாப்பிடப் போயிருந்தார். சர்ச்சுக் கதவுக்குப் பூட்டு கிடையாது.

மூங்கில் சாரம் இன்னும் பிரிக்காமல் இருந்தது. சிலுவைக்கென்று ஊறிய பானையும் மூலையில் இருந்தது. அம்மாவின் சுண்ணாம்பு மட்டையை, வெள்ளையடிக்கிற நார்ப் பிரஷ்ஷை, எடுத்துக்கொண்டேன். பானையோடு ஏற முடியாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டு ஏறினேன். நான் நாற்காலியில் ஏறவே பயப்படுகிறவள். சாரம் ஆடியது. கீழே பார்த்தேன், தலை சுற்றியது. மேலே பார்த்தேன், சிவப்பு. இப்படி நேருக்கு நேர் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். என் மடியில் நான் அள்ளி வந்த மண்.

ஆணிக் கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதன்மேல் மட்டையை இழுத்தேன். சாரம் ஆடிய ஆட்டத்தில் கோட்டுக்குள் நிற்கவில்லை. குறுக்குக்கட்டை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு சொட்டு கீழே வழிந்து உபதேசியாரின் மூக்கில் நின்றது. சுவர் எப்போதோ காய்ந்துவிட்டதால் சுண்ணாம்பு ஒட்டாமல் வழிந்தது. மட்டையை வீசிவிட்டுக் கையாலேயே அப்பினேன். விரலெல்லாம் எரிந்தது. நான் சாமியை நினைக்கவில்லை. அந்தச் சாமியையும் நினைக்கவில்லை, நம் சாமியையும் நினைக்கவில்லை. என் மனசில் ஓடியது ஒன்றுதான்: அம்மிக்கல்லை எப்படித் தூக்குவோம், மழையில் எங்கே போய் உட்காருவோம்.

சாயங்காலம் ரைட்டர் வந்து பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். இது அந்தம்மா தேசத்துக் கொடி என்று மேனேஜர் தொரைக்குச் சொல்லிவிடலாம், வெள்ளை அடிக்க வேண்டாம் என்றார். களைக்கொத்தோடு வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. மொதல்லயே போட்டிருந்தா எனக்கு இந்த அலைச்சல் மிச்சம்” என்றார்.

அம்மா சுவரைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

“நான் போடலீங்க.”

“அப்பறம் யாரு போட்டா?”

“தெரியாதுங்க. ஆனா நான் போடலீங்க.”

ஊடு மிஞ்சியது. ‘ஆமாங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நல்ல பேரும் மிஞ்சியிருக்கும். அது அம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஊட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து விளக்குக்கு முன்னால் நீட்டினார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. விரல் நுனியில் கொப்புளம். முதலில் தேங்காயெண்ணெய் தடவினார், ஒவ்வொரு விரலாக. தடவி முடித்துவிட்டு, கன்னத்தில் ஒன்று வைத்தார்.

“ஊடு போனா இன்னொரு ஊடு. அத்தன பேரும் நாளைக்கு வர்றமுன்னாங்களேடி. இனி எதப் பாத்துட்டு வருவாங்க?”

*

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில், மூன்று லயனும் வந்தது. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சித்தப்பா கொங்காடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இது அந்தம்மா ஊட்டுக் கொடிதான்டா” என்றார். “நம்முளுது இல்ல.”

யாரும் பங்களாவுக்குப் போகவில்லை. பாதிப் பேர் பாட்டு ஆரம்பிப்பதற்குள் போய்விட்டார்கள். உபதேசியார் வாசல் வரை ஓடி, “இருங்க, இருங்க” என்று கூப்பிட்டார்.

அந்த வருஷமும் கம்பளி வரவில்லை. ஐப்பசி மழையில் நனைந்து நனைந்து அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். பேரை அடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஊட்டிலிருந்து ஓர் ஆள் காட்டுக்குப் போக வேண்டும். நான் போனேன். பள்ளிக்கூடம் அதோடு சரி. அடுத்த வருஷம் கம்பளி கொடுத்தார்கள். தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து ஆள் தெரியும் அளவுக்கு மெல்லிசு.

படம் வரைந்த வருஷமே, கார்த்திகையில், மிஸ்ஸியம்மா பாதியாக இளைத்துத் திரும்பி வந்தார். கோணல் சிலுவையைப் பார்த்து அப்படியே நின்றார். என் கை வெந்த கதை அதற்குள் லயன் முழுக்கத் தெரியும். உபதேசியார் என்னைக் காட்டினார். மிஸ்ஸியம்மா மண்டியிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“குழந்தாய், இயேசுவை நேசித்தா இதைச் செய்தாய்?”

வெள்ளைக்காரி ஒருத்தி அத்தனை பக்கத்தில் வந்து, கண்ணில் தண்ணீரோடு கேட்டால், பயந்தவள் தலை ஆடத்தான் செய்யும். ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டல்தான் கடிதமாகி, கப்பல் ஏறி, பத்திரிகையில் ஏறி, இப்போது போர்டாக வருகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் தேசத்துக் கொடியை இன்னொருத்தர் பிள்ளை முடித்துவைத்தது என்று நினைக்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! ஆனால் ‘எதுக்குப் பயந்தே?’ என்று யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை கொடுத்தார். சிவப்பு, மணிக்கட்டில் வெள்ளைக் கோடு. அதைப் போட்டுக்கொண்டு காப்பிப் பழம் பறிக்க முடியாது. அம்மா அதைப் பிரித்து, நூலாக்கி, என் பழைய சால்வையின் ஓட்டையை அடைத்தார். அந்தச் சால்வையும் எங்கே போயிற்றோ.

*

நேற்று சர்ச்சுக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து ஒருமுறை திரும்பியும் வந்தேன்.

உள்ளே அலுமினிய ஏணி. பெயிண்ட் அடிக்கிற பையன் ஒருத்தன், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, வெள்ளை எமல்ஷன் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். போதகர் சுவரைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலுவையில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. காய்ந்த சுவரில் அப்பிய வெள்ளை, மழைக்கு மழை செதில் செதிலாக விழுகிறது. கீழே சிவப்பு அப்படியே இருக்கிறது. அம்மா பூசிய ஈரத்தில் ஊறிய சிவப்பு. துளி மங்கவில்லை. அம்மாவும் அப்படியே இருக்கிறார். முப்பத்திரண்டு வயசு, கழுத்து மூடிய கம்பளிச் சட்டை, தூக்கிய கை. நான் அவரைவிட எவ்வளவோ கிழவி.

“வாங்கம்மா, வாங்க” என்றார் போதகர். “ஆளுங்க வர்றதுக்குள்ள சிலுவையப் புதுசு பண்ணீரலாமுன்னு. நீங்க போட்டது, அழிஞ்சு போகக் கூடாதில்லீங்களா.”

“நான் போட்டதுதானுங்க. அதுனாலதான் சொல்றேன். அது பக்தியில போட்டது இல்லீங்க. ஊட்ட விட்டுத் தொரத்தீருவாங்கன்னு பயந்துட்டுப் போட்டது. அந்தப் பயத்துல எங்க லயனுக்கு வர வேண்டிய கம்பளி வராமப் போச்சு. போர்டுல அத எழுதுங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். “அம்மா, அப்பிடியெல்லாம் போர்டுல எழுத முடியாதுங்களே.”

“அப்ப ஒண்ணும் எழுதாதீங்க.”

“நீங்க... கோவிச்சுக்காதீங்க, நீங்க நம்ம சபைகூட இல்லீங்களே. சர்ச்சு செவுத்துக்கு...”

“அந்தச் செவுத்துல எங்கம்மா நிக்கறாங்க சாமி. அவங்களும் உங்க சபை இல்லீங்க. மொதல்ல அவங்கள எறக்கி உட்டுட்டு அப்பறமா எனக்குச் சொல்லுங்க.”

பையன் காதிலிருந்து பாட்டைக் கழற்றினான். அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏணியில் இரண்டு படி ஏறியிருந்தவன் அங்கேயே நின்றான்.

நான் ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “பாரு கண்ணு, மேல இருக்கற வெள்ள என்னுது. அது உளுவோணும். நீ பூசுனீன்னா இன்னொரு அறுவது வருசம் நிக்கும். எறங்கு.”

“என்ன வேலைக்குக் கூட்டிட்டு வந்தவரு ஐயாதானுங்க பாட்டி.”

“அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீ டப்பாவ மூடு.”

போதகர் ஓரடி முன்னால் வந்தார். அண்ணாந்து பார்த்தார். முன்வரிசையில் கையைத் தூக்கி நிற்கிற பொம்பளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் ஒரே சாடை. பெஞ்சில் உட்கார்ந்தார். பையன் இறங்கி மூடியை வைத்து, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினான். நான் கையை நீட்டினேன். பிரஷ்ஷைக் கொடுத்தான்.

கூட்டாளிகளே, வருகிற ஞாயிறு அந்த ஆட்கள் வருகிறார்கள். நடக்க முடிந்தவர்கள் வாருங்கள். போர்வையோ சால்வையோ, இருப்பதைப் போர்த்திக்கொண்டு வாருங்கள். எனக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தச் சுவருக்குக் கீழே நின்று, அந்தக் கொடி எத்தனை நாள் நம்முடையதாக இருந்தது என்று நான் சொல்லப்போகிறேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

பிரஷ் என் ஊட்டில் அடுப்புக்கு மேலே சொருகியிருக்கிறது. வேண்டுமென்றால் போதகர் வந்து கேட்கட்டும். கேட்டால் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பேன். பிரஷ்ஷைக் கொடுக்க மாட்டேனுங்க.